ஐந்து நிமிடம் போதும் என்றவரிடம் ஓராண்டு வாங்கியது

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அன்று ஓசூர் சிப்காட்டில், பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும் அந்த ஷெட்டில் நீங்கள் இல்லை. அதுவே உங்கள் முதல் தகுதி. அங்கிருந்தவர்கள் அனைவரும் பத்தே நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். அது என் பக்கம் அல்ல. நான் கொடுத்த ஒரு வாக்கு இருக்கிறது. அதைக் கேட்ட நாற்பது பேரும் பிரஸ் சத்தத்தில் பாதியைத்தான் கேட்டிருப்பார்கள். நீங்கள் முழுவதும் கேளுங்கள்.

நான் மேடையில் பயின்றவன். கல்லூரி நாட்களில் சீட்டைக் குலுக்கித் தலைப்பை எடுத்து, மூன்று நிமிடம் யோசித்து, நான்கு நிமிடம் பேசுவோம். சீட்டில் வருவது எந்த அணியோ அந்த அணிக்காக உயிரைக் கொடுப்போம். இணையம் வரமே என்று காலையில் வென்று, சாபமே என்று மாலையில் வென்றிருக்கிறேன். இரண்டிலும் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. கேடயங்கள் பெருகி வீட்டில் இடமில்லாமற்போய், அம்மா அவற்றில் ஒன்றை அரிசி டின்னுக்கு மூடியாக்கியபோதுகூட நான் வருந்தவில்லை. தினமும் கையில் எடுக்கிறார்களே என்று பெருமைதான் பட்டேன்.

இப்போது பாகலூர் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கும் ஏழு பேர் கொண்ட மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு இணையதளம் செய்து தருவது எங்கள் பிழைப்பு. செய்து முடித்த தளத்தைக் கிளவுடில் ஏற்றுவதற்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவியைப் பயன்படுத்துகிறோம். ஒரே கட்டளை, தளம் மேலே போய் நின்றுவிடும். பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கும் கருவி அது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். மற்றவர்கள் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒருநாள் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய தளத்தைச் சோதித்த அறிக்கை வந்தது. பாதுகாப்பு ஹெடர்கள் ஐந்தும் இல்லை என்று ஐந்து சிவப்புப் புள்ளிகள். ஹெடர் என்பது வேறொன்றுமில்லை. விழாவில் பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும் முன், தொகுத்து வழங்குபவர் வந்து, கைப்பேசியை அணையுங்கள், பின்வாசல் வழியாக நுழையாதீர்கள் என்று விதிகளைச் சொல்லிவிட்டுப் போவார் அல்லவா? அதுபோல, ஒரு பக்கம் திறக்கும் முன் பிரௌசரின் காதில் மட்டும் சொல்லப்படும் சில வரிகள். அவற்றை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியே எழுதுவதைவிட, அந்தக் கருவியிலேயே சேர்த்துவிட்டால் அதைப் பயன்படுத்தும் உலகம் முழுவதற்கும் பாதுகாப்பு போய்ச் சேருமே என்று எனக்குத் தோன்றியது. ஓசூரிலிருந்து உலகத்துக்கு. இந்தத் தொடரை அன்று பேக்கரிப் படியில் இறங்கும்போது இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது.

ஐந்து வரிகளில் நான்கு சாதுக்கள். அவற்றால் யாருக்கும் தொல்லையில்லை. ஐந்தாவது வரி வேறு சாதி. அது பிரௌசரிடம் சொல்வது இது: "இந்த முகவரிக்கும் இதன் கீழுள்ள கிளை முகவரிகள் எல்லாவற்றுக்கும் இனிமேல் பூட்டிய பாதையில் மட்டுமே வா. பூட்டாத பாதையில் அழைத்தாலும் வராதே. இதை இத்தனை காலம் நினைவில் வைத்துக்கொள்." அந்தக் காலத்தை எழுதுகிறவனே தீர்மானிக்கலாம். நான் ஓராண்டு என்று எழுதி அனுப்பினேன்.

சரிபார்ப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. மூன்றே வரியில் பதில் போட்டார். முயற்சி நன்று, முதலில் ஐந்து நிமிடம் என்று வைப்போம், யாருக்கும் இடிக்கவில்லையென்றால் ஒரு வாரமாக்கி, பிறகு ஓராண்டாக்குவோம், கிளை முகவரிகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம், பிரௌசர் ஒருமுறை கேட்டுக்கொண்டதை நாம் திரும்ப வாங்குவது சிரமம். இவ்வளவுதான்.

வாசகரே, நீங்களே சொல்லுங்கள்: மேடையேறியவனிடம் மூன்று வரியில் மறுப்பது மரியாதையா? நான் முன்னுரை, மூன்று மறுப்புகள், முடிவுரை என்று முறையாகக் கட்டினேன். ஐந்து நிமிடப் பாதுகாப்பு என்பது தூறலுக்கு மட்டும் வேய்ந்த கூரை என்றேன். கிளைகளை விட்டுவிட்டு மரத்தைக் காப்பதாகச் சொல்வது யாரை ஏமாற்ற என்று கேட்டேன். அந்த ஹெடரை வரையறுக்கும் ஆவணத்திலிருந்து எனக்கு வாகான இரண்டு இடங்களை மேற்கோள் காட்டினேன். அவர் மறுபடியும் இரண்டு வரி போட்டார். நான் இரண்டு பக்கம் போட்டேன். எட்டாம் நாள், "எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் இதற்கு மேல் எழுத என்னிடம் நேரமில்லை" என்று முடித்துக்கொண்டார். வேறொருவர் என் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். எதிரணி இருக்கையில் அமர்ந்துவிட்டது என்று நான் பொருள்கொண்டேன். அன்று மாலை அலுவலகத்தில் அனைவருக்கும் முட்டை பப்ஸ் என் செலவு.

இனி அந்தத் தொழிற்சாலைக்கு வருகிறேன். வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் சிறு பாகங்கள் அடிக்கும் இடம் அது; அதன் இணையதளமும் நாங்கள் செய்து தந்ததே. அங்கே பராமரிப்புப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவர். வீட்டில் கன்னடம், ஷெட்டில் தமிழ், குறைசொல்லும்போது தெலுங்கு. நான்கு ஆண்டுகளாகக் கான்ட்ராக்டில் இருக்கிறார். பிரஸ் வரிசையின் ஓரத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய எண்ணிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு மெஷினும் எத்தனை அடித்தது, எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது ஒரு பக்கமாகக் காட்டும்படி செய்திருந்தார். சுவரில் ஒரு டிவி; அதில் அந்தப் பக்கம்; ஷெட்டில் அதற்குப் பெயர் போர்டு. சூப்பர்வைசர்கள் தங்கள் கைப்பேசியிலும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் மெஷின் நின்றால் நின்ற சேதி டீ இடைவேளையில்தான் தெரியும்.

எங்கள் வட்டாரத் தொழிற்சாலைகளில் கைசன் என்று ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்பவரே வேலையில் ஒரு மேம்பாடு கண்டுபிடித்து, தாளில் எழுதி, நடுவர்கள் முன் செய்து காட்ட வேண்டும். அக்கா இந்த போர்டைக் கைசனாக எழுதிக் கொடுத்திருந்தார். அது தேறினால் நிரந்தரப் பணிக்கு அவர் பெயரை எழுதுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நடுவர்கள் வரும் நாள் வியாழக்கிழமை, காலை பத்து மணி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை. பெட்டியின் முகவரி வெறும் எண்களாக இருக்கிறது, சூப்பர்வைசர்களுக்கு மனத்தில் நிற்கவில்லை, ஒரு பெயர் வைத்துத் தரமுடியுமா என்று மூன்று மாதத்துக்கு முன் அக்கா கேட்டபோது, கம்பெனி முகவரிக்குக் கீழே ஒரு கிளை முகவரியாக அதற்குப் பெயர் வைத்துக் கொடுத்தவனே நான்தான். பெட்டியோ கிழம். பூட்டிய பாதை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அன்று பூட்டாத கிளைக்கு நான் பெயர் சூட்டினேன். பிறகு கிளைகளையெல்லாம் பூட்டச் சொல்லி எட்டு நாள் வாதாடினேன். இரண்டு அணிக்கும் பேசிப் பழகியவனுக்கு முன்பு எந்த அணியில் இருந்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை.

புதன்கிழமை மாலை, கருவியின் புதிய பதிப்பை எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரே மூச்சில் ஏற்றினேன். வியாழன் காலை எட்டேகாலுக்குக் கைப்பேசி ஒலித்தது.

"சார், போர்டு வரலை."

"நெட்வொர்க்கா இருக்கும் அக்கா."

"ஆறு மணிலேருந்து ஓடிட்டிருந்துச்சு. நான் வந்து கேன்டீன்ல என்னன்னு பாக்க டிவியில கம்பெனி சைட்டைத் திறந்தேன். அப்புறம் போர்டு வரலை. பத்து மணிக்கு ஆளு வர்றாங்க சார்."

கேன்டீனில் அன்று தக்காளிச் சாதம். அதைத் தெரிந்துகொள்ளக் கம்பெனித் தளத்தைத் திறந்த அந்தக் கணத்தில், டிவியின் பிரௌசர் என் ஐந்தாவது வரியைக் கேட்டுக்கொண்டது. கிளைகள் அனைத்துக்கும், ஓராண்டுக்கு. லாரிகளுக்கிடையே வண்டியை நுழைத்து ஷெட்டை அடைவதற்குள் எனக்கு இது விளங்கிவிட்டது. விளங்கியதை விளக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வெள்ளைத் திரையின் முன் நின்று, பாதுகாப்பின் தேவை என்ன, அதில் ஓராண்டின் சிறப்பு என்ன என்று தொடங்கினேன். கை உறையைக் கழற்றியபடி நான்கைந்து ஆபரேட்டர்கள் கூடினார்கள்.

"மாத்து சாக்கு, கெலச நோடு," என்றார் அக்கா, தம் வீட்டுக் கன்னடத்தில். பேச்சு போதும், வேலையைப் பார் என்று பொருள். 'சார்' என்ற விளி போய்விட்டது. அடுத்த வாக்கியத்தில் தமிழும் வந்துவிட்டது. "தம்பி, உனக்கு இது பாயின்டு. எனக்கு நாலு வருஷம். புரியுதா?"

புரிந்தது. மடிக்கணினியைத் திறந்து, கம்பெனித் தளத்தைப் பழைய பதிப்புக்கே கொண்டுபோனேன். பத்து நிமிடம். ஐந்தாவது வரி இப்போது இல்லை. டிவியைப் பார்த்தேன். வெள்ளைத்திரை அசையவில்லை. சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் கேட்டதை அது மறக்கவில்லை.

"என்ன ஆச்சாம்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"அண்ணன் சொன்னதை வாபஸ் வாங்கிட்டாராம். டிவி ஒத்துக்க மாட்டேங்குதாம்." இது மதுரைப் பக்கத்துக் குரல்.

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு வருஷத்துக்காம்."

"நம்ம கான்ட்ராக்டே பதினொரு மாசம்தான்யா."

அக்கா சிரிக்கவில்லை. திரையில் இருந்த முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ சொன்ன தடை பேருக்குத்தானே?" என்றார். "நம்பருக்குமா?"

அந்த ஹெடரின் ஆவணத்தை மடிக்கணினியில் திறந்தேன். எண்களுக்கு அந்த விதி செல்லாது. நான் மேற்கோள் காட்டிய அதே ஆவணத்தில் அதுவும் இருக்கிறது. எனக்கு வேண்டிய இடங்களை மட்டும் படித்திருந்தேன். நான் அதைத் தேடிப் படிக்கும் நேரத்தில் அக்கா பெட்டிக்குப் போய், அதன் முதுகில் தாமே மார்க்கரால் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்து வந்து, டிவியில் ஒவ்வொன்றாக அழுத்தினார். போர்டு வந்தது. மூன்றாம் மெஷின் நின்றுகொண்டிருந்தது. அதன் ஆபரேட்டர் எங்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஓடினார்.

டிவி பிழைத்தது. கைப்பேசிகள்? எந்த சூப்பர்வைசரும் எங்கிருந்தும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம் என்று கைசன் தாளில் அக்கா தம் கையால் எழுதியிருந்தார். வருகைப் பதிவு கம்பெனித் தளத்தில்தான் என்பதால் காலையில் ஆறு சூப்பர்வைசர்களின் கைப்பேசிகள் என் வரியைக் கேட்டிருந்தன. அதற்கு மருந்து ஒன்றுதான். அதே வரியை, காலம் பூஜ்யம் என்று போட்டு, தளத்திலிருந்து மறுபடி அனுப்ப வேண்டும். மறந்துவிடு என்று பொருள். ஆனால் ஒவ்வொரு கைப்பேசியும் தளத்துக்கு ஒருமுறை வந்து அதைக் கேட்டுக்கொண்டால்தான் மறக்கும். எட்டு நாள் வாதாடி உலகத்துக்குச் சொன்னதை, ஷெட் ஷெட்டாக நடந்து, ஆள் ஆளாகத் திரும்பப் பெற்றேன்.

"அண்ணா, கம்பெனி சைட்டை ஒரு தடவை திறங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்லை, திறந்து மூடிடுங்க."

"அட்டென்டன்ஸுக்குக் காலையிலயே திறந்தேனே. மெனு நல்லாருக்கா?"

ஐந்து பேரைப் பிடித்தேன். ஆறாமவர் பெயின்ட் ஷாப்பிலிருந்து எங்கோ போயிருந்தார். அதற்குள் மணி பத்து.

நடுவர்கள் இருவர். ஒருவர் குறிப்பெடுத்தார், மற்றவர் கேள்வி கேட்டார். உள்ளே நுழையும் முன் அக்கா என்னைத் தூணோரம் நிறுத்தி, "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றிருந்தார். என் வாழ்க்கையில் எனக்குத் தரப்பட்ட மிகக் கடினமான தலைப்பு அது. அக்கா இயல்பாகப் பேசினார். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றி இறக்கவில்லை. மெஷின் நின்றால் முன்பு எப்போது தெரியும், இப்போது எப்போது தெரியும் என்பதை மட்டும் சொன்னார். கேள்வி கேட்டவருக்குத் திருப்தி என்பது அவர் தலையசைப்பில் தெரிந்தது. பிறகு அவர் திரும்பி, அப்போதுதான் உள்ளே வந்த ஒருவரிடம், "உங்க போன்ல திறங்க பார்ப்போம்" என்றார். பெயின்ட் ஷாப்காரர். ஆறாமவர்.

அவர் திறந்தார். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைத்திரை.

மேலாளரின் பார்வை அக்காவிடம் போனது. அக்கா போர்டுக்கு அருகே சென்று, கீழே ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். போர்டு எட்டு ஐந்துக்கு நின்றது, டிவியில் எட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது, கைப்பேசிகளில் ஒன்பதே முக்கால்வரை சரிசெய்யப்பட்டது, ஒன்று பாக்கி. எல்லாம் எழுதியிருந்தது. நான் ஷெட் ஷெட்டாக அலைந்தபோது எழுதியிருக்கிறார்.

"மெஷின் நின்னா எழுதறோம். போர்டு நின்னாலும் எழுதணும்ல சார்," என்றார்.

"காரணம்னு போட்ட இடம் காலியா இருக்கே?"

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் விளக்கத் தொடங்கியிருப்பேன். பார்க்காததால், தடையை மீறி, கையை உயர்த்தினேன். "காரணம் நான்தான், சார். சொல்லாமல், கேட்காமல், கம்பெனி சைட்டில் ஒரு மாற்றம் செய்தேன். இவங்க போர்டில் பிழை இல்லை." அவ்வளவுதான் சொன்னேன். நான்கு நிமிடத்தில் பத்து வினாடிகூடச் செலவாகவில்லை. மேடையாக இருந்தால் எச்சரிக்கும் முதல் மணிகூட அடித்திருக்காது.

நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போர்டு நன்று, ஆனால் மறுபடி நிற்காது என்று எப்படி நம்புவது, ஒரு மாதம் கழித்து வருவோம், அன்று எந்தக் கைப்பேசியைக் கேட்டாலும் திறக்க வேண்டும். மேலாளர், அப்படியானால் பெயரை அன்று எழுதலாம் என்றார். அக்கா சரியென்று தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் மெஷினுக்கு எண்ணெய் போடப் போனார். இதை எழுதும்போது அந்த மாதத்தில் இன்னும் பத்தொன்பது நாள் மீதியிருக்கிறது.

அலுவலகத்துக்குக் கிளம்பிய என்னை அக்கா வாசல் கேட் அருகே நிறுத்தினார். மன்னிப்பு கேட்கச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்க நிற்கவில்லை. "ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். லைனை நிறுத்துனவங்க போர்டு முன்னாடி நின்னு சொல்லணும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இனிமே என்ன பண்ணுவேன். இங்க எல்லாருக்கும் அதுதான். ஒரு நிமிஷம்."

"நான் இந்தக் கம்பெனி ஆளில்லையே அக்கா."

"நிறுத்துனது நீதானே?"

இரண்டு மணிக்குப் போகும் ஷிப்டும் வரும் ஷிப்டுமாக நாற்பது பேர் போர்டு முன் வரிசையாக நின்றார்கள். போகிறவர்களின் கண் பஸ்ஸில் இருந்தது. "சாருக்கு மைக் வேணுமா?" என்றது காலையில் ஒலித்த அதே மதுரைக் குரல். "குடுத்துடாதீங்க. நாங்க வீட்டுக்குப் போகணும்," என்றார் இன்னொருவர். எனக்குப் பழக்கமான விளிகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. அவற்றை விழுங்கினேன். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்ற இரண்டையும் மூன்று வரியில் முடித்தேன். அந்தச் சரிபார்ப்பவர் எனக்கு எழுதிய அதே அளவு. மூன்றாவதற்கு வந்தபோது அக்கா கையில் பேனாவும் தாளும் இருந்தன; எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார். நானும் எழுதும் வேகத்துக்கே சொன்னேன்:

"எங்கே வாதாடி ஜெயிச்சேனோ அங்கேயே, இன்னிக்கு, நான் சொன்னது தப்புன்னு எழுதறேன். அந்த வரியை அஞ்சு நிமிஷத்துக்குக் குறைங்க, கிளை முகவரியை எடுங்கன்னு நானே கேக்கறேன். இனிமே உங்க சைட்டுல ஒரு வரி போடறதா இருந்தாலும், முதல்ல இந்த ஷெட்டுக்கு வந்து எந்தப் பெட்டி எந்தப் பேர்ல ஓடுதுன்னு அக்காகிட்ட எழுதி வாங்குவேன். அடுத்த மாசம் நடுவருங்க வர்ற அன்னிக்கு ஆறு மணிக்கே வந்து எல்லார் போனையும் திறந்து பாத்துட்டு, அந்தத் தூணு பக்கத்துல நிப்பேன். யாரும் கேக்காம பேச மாட்டேன்."